மூணாம் நம்பர் இன்ஜினின் விசில்

ஹெப்சி பல் செய்கிறவள். சேலையூர் கேம்ப் ரோட்டில், ஒரு மருந்துக் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் டென்டல் லேபில் இருபத்து நான்கு வருடமாக வேலை. டாக்டர்கள் அனுப்பும் அச்சைப் பார்த்து மெழுகில் பல் செதுக்கி, உலோகத்தில் வார்த்து, மேலே பீங்கான் பூசிச் சுட்டுக் கொடுப்பாள். ரயிலைப் பற்றி ஒன்றும் தெரியாது. கிழக்குத் தாம்பரத்தில் பிறந்து வளர்ந்தும், மின்சார ரயிலில் லேடீஸ் பெட்டி பிளாட்பாரத்தில் எங்கே வந்து நிற்கும் என்பது மட்டும்தான் அவளுடைய ரயில் ஞானம்.

ரயில் பைத்தியம் அவளுடைய தம்பி ஜோஸ்வினுக்கு. கிண்டியில் ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீசில் குமாஸ்தா. அக்கா தம்பி இருவருமே கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா அம்மா போன பிறகு அதே வீட்டில் இருவரும் இருந்தார்கள். காலையில் அவன் காபி போடுவான், அவள் சமைப்பாள். ஞாயிற்றுக்கிழமை ஒரே வண்டியில் சர்ச்சுக்குப் போவார்கள். மற்றபடி அவனுக்கு அவன் அறை, அவன் பெட்டிகள்.

2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில் ஜோஸ்வின் இறந்தான். நாற்பத்தொரு வயது. ஆஸ்பத்திரியில் அவனிடமிருந்த போன்கூடத் திரும்பி வரவில்லை.

ஹெப்சி அந்த அறையை இரண்டு வருடம் திறக்கவில்லை. 2023 ஜூனில் கூரை ஒழுகியதால் திறக்க வேண்டியதாயிற்று. மேஜையின்மேல் ஒரு அட்டைப்பெட்டி இருந்தது. இங்கிலாந்திலிருந்து வரவழைத்த மாதிரி இன்ஜின் கிட். வேகன்களை முன்னும் பின்னும் தள்ளி வரிசைப்படுத்துகிற சின்ன நீராவி ஷண்டிங் இன்ஜின். முழுசாகச் செய்து முடித்தால் உள்ளங்கையில் அடங்கும். பித்தளைத் தகடுகள், சக்கரங்கள், கொசுவின் கால் தடிமனில் கம்பிகள். எதையும் அவன் இன்னும் தகட்டிலிருந்து பிரிக்கவில்லை. பக்கத்தில் ஒரு கனமான ஃபைல்.

கிட்டோடு வந்த கையேட்டில் ஒரு வரிக்கு அடியில் பென்சில் கோடு இருந்தது. இந்த வகை இன்ஜின்கள் சில தென்னிந்தியாவுக்கும் அனுப்பப்பட்டன என்கிற வரி. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு ஜோஸ்வின் கிளம்பியிருக்கிறான். அப்படிப்பட்ட ஒரு இன்ஜின், திரிசூலம் மலையடியில் இருந்த ஒரு ஜல்லி கம்பெனியில், பல்லாவரம் ஸ்டேஷன் வரை போட்ட தனித் தண்டவாளத்தில் ஓடியது என்று கண்டுபிடித்திருக்கிறான். கம்பெனியும் இப்போது இல்லை, தண்டவாளமும் இல்லை. அந்த இன்ஜினை எல்லோரும் மூணாம் நம்பர் என்று அழைத்திருக்கிறார்கள்.

ஃபைலில் கேள்விகள் எழுதி, பதில் கிடைக்கக் கிடைக்க டிக் அடித்திருந்தான். என்ன நிறம்? கரும்பச்சை. கரி எந்தப் பக்கம் ஏற்றினார்கள்? இடது பக்கம். படிக்கட்டு மரமா, இரும்பா? இரும்பு. இப்படி முப்பத்தெட்டு கேள்விகள். இருபத்திரண்டாவது கேள்விக்கு மட்டும் டிக் இல்லை. 'விசில் எங்கே?' என்று எழுதியிருந்தான். அதற்குப் பக்கத்தில் இரண்டு போட்டோக்களின் நகல் ஒட்டியிருந்தது. 1964-ல் எடுத்ததில் கூரைக்கு முன்னால் விசில் இருந்தது. 1969-ல் எடுத்ததில் அந்த இடத்தில் ஒரு போல்ட்டு முடுக்கி அடைத்திருந்தது.

ஹெப்சி பாகங்களின் பட்டியலை எடுத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். அது அவளுடைய தொழில் பழக்கம். எல்லாம் இருந்தன. விசில் மட்டும் இல்லை. அரிசி அளவு பித்தளை வார்ப்பு. உறையைக் கிழித்து எடுத்திருந்தது.

அன்றிலிருந்து அவளுக்கு வேறு எதுவும் ஓடவில்லை. லேபில் உட்கார்ந்து பல் செதுக்கும்போது, விசில் எங்கே என்று ஜோஸ்வின் பின்னாலிருந்து கேட்கிற மாதிரி இருந்தது. அவன் அப்படித்தான் கேட்பான். எதையாவது தேடும்போது, அவள் பதில் சொல்லும்வரை அதே தொனியில், கோபமில்லாமல், திரும்பத் திரும்ப.

ஃபைலில் இருந்த முதல் முகவரி குரோம்பேட்டை. பத்ரிநாராயணன் என்கிற ஓய்வுபெற்ற ரயில்வே வரைபடக்காரர். ஒரு ஞாயிறு மதியம் போனாள்.

"ஜோஸ்வின் சாரோட சிஸ்டரா? உட்காருங்கோ. அவரும் அந்தச் சேர்லதான் உட்கார்ந்தார். எப்படி இருக்கார்? ஆளையே காணோம்?"

ஹெப்சி சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார்.

தம்பி இறந்ததை அவள் உறவுக்காரர்களுக்கெல்லாம் போனில் சொல்லி முடித்து இரண்டு வருடமாகிவிட்டது. இப்போது ஒரு புது ஆளிடம், அவர் வீட்டு ஹாலில் உட்கார்ந்து, முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. அந்த வீட்டில் அதுவரை அவன் உயிரோடு இருந்திருக்கிறான்.

"விசில் விஷயமா உங்ககிட்ட கேட்டானா சார்?"

"கேட்டாரே. விசில் இல்லாம இன்ஜின் ஓட்டறது ரூலுக்கே விரோதம், அது பிரைவேட் லைன்ங்கறதால விட்டிருப்பா, ஏன்னு எனக்குத் தெரியாதுன்னேன். அங்க வேலை பார்த்த சேட்டுன்னு ஒருத்தர் திரிசூலத்துல இருக்கார்னு நான்தான் அனுப்பி வச்சேன்."

திரிசூலத்தில், பழைய கல்குவாரித் தண்ணீருக்கு மேலே இருந்த ஒரு சந்தில் சேட்டு இருந்தார். எண்பதைத் தொடுகிற வயது. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர், ஹெப்சி ஸ்கூட்டியை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றியதும் எழுந்து நின்றுவிட்டார்.

"இன்னாம்மா, அந்தத் தம்பிக்கு நீ இன்னா ஓணும்? அதே ஜாடை. ஒரு நிமிசம் எனுக்குப் பேஜாரா பூட்ச்சு."

அவரிடமும் சொன்னாள். "அட கடவுளே" என்றவர், உள்ளே திரும்பித் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

"மூணாம் நம்பர்ல மொதல்ல விசில் இருந்துச்சு. டிரைவர் ஆபேலுதான் ஸ்பேனர் எட்து கழட்னாரு. அவர் கொழந்த அந்த இன்ஜின்ல மாட்டி செத்துப்பூட்ச்சு. அறுவத்தேழு, மே மாசம். கழட்டி இதோ இந்தத் தண்ணில தூக்கிக் கடாசிட்டாரு. மேனேஜர் வந்து கத்துனான். ஆபேலு ஒரு வார்த்த பேசல. அப்பாலிக்கா ஒரு மணி கட்டிக் குட்த்தாங்க, அத ஆட்டிக்கினே ஓட்டினாரு."

"இதை என் தம்பிகிட்ட சொன்னீங்களா?"

"அல்லாத்தியும் சொன்னேனே. ஆபேலு பெரிய பொண்ணு ரத்தினபாய் பொழிச்சலூர்ல கீதுன்னு அட்ரஸும் குட்த்தேன்."

ஹெப்சிக்குப் புரியவில்லை. பதில் தெரிந்திருக்கிறது. அதற்குப் பிறகு வந்த பதினாறு கேள்விகளுக்குப் பதில் எழுதியிருக்கிறான். இருபத்திரண்டாவதை மட்டும் ஏன் காலியாக விட்டான்? ரத்தினபாய் என்கிற பெயர் ஃபைலில் எங்கேயுமே இல்லையே?

அடுத்த சனிக்கிழமை பொழிச்சலூர் போனாள். விமான நிலையத்துச் சுவருக்கு இந்தப் பக்கம், விமானங்கள் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியை உரசிவிடும்போல் இறங்குகிற தெரு. கீழ்வீட்டில் ஒரு பெண்மணி கதவைத் திறந்தார். அறுபத்தேழு வயது, வெளிர் நீலப் புடவை, காதுக்குப் பின்னால் முடியை இறுக்கிக் கட்டியிருந்தார். ஹெப்சி தன் பெயரைச் சொன்னாள். ஜோஸ்வினின் அக்கா என்றாள்.

ரத்தினபாய் கதவைப் பிடித்தபடியே நின்றார். முகத்தில் வரவேற்பு இல்லை.

"எதுக்கு வந்திருக்கீங்க? அவரே வராம நின்னுட்டாரு. நான் தொந்தரவு பண்ணலியே. ஒருவாட்டி போன் பண்ணேன், ஸ்விட்ச் ஆஃப்னு வந்துச்சு. அத்தோட விட்டுட்டேன்."

"ஆன்ட்டி, ஜோஸ்வின் இறந்துட்டான். 2021 மே மாசம். கொரோனா."

மேலே ஒரு விமானம் வந்தது. அது கடந்து போகும்வரை யாரும் எதுவும் பேச முடியாது. சத்தம் அடங்கியபோது ரத்தினபாய் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். ஹெப்சி பதறிப்போய்க் கையைப் பிடித்தாள்.

"அப்போ என் மேல அருவருப்புப்பட்டு நின்னுடலியா?" என்று கேட்டார்.

"எதுக்கு அருவருப்பு?"

"உங்ககிட்ட சொல்லலியா அவரு?"

"எதுவுமே சொல்லலை ஆன்ட்டி. நீங்க இருக்கீங்கன்னுகூட சொல்லலை."

ரத்தினபாய் அவளை உள்ளே கூட்டிப்போனார். ஹாலில் ஒரு கட்டில், ஒரு தையல் மெஷின், சுவரில் இயேசு படம் போட்ட காலண்டர். மாத்திரை டப்பாவைத் திறந்து, ஞாயிற்றுக்கிழமை கட்டத்திலிருந்து எதையோ எடுத்து ஹெப்சியின் உள்ளங்கையில் வைத்தார். பித்தளை விசில். அரிசி அளவு.

"இத அவருதான் குடுத்தாரு. நான் இத அந்த இன்ஜின்ல வைக்க மாட்டேன், ஏன் வைக்கலேன்னு எங்கயும் எழுதவும் மாட்டேன், உங்ககிட்டயே இருக்கட்டும்னாரு."

அப்புறம் அவர் சொன்னது இது.

கம்பெனி குவார்ட்டர்ஸ் தண்டவாளத்தை ஒட்டி இருந்தது. அப்பா ஆபேல் தினமும் பன்னிரண்டேகாலுக்கு இரண்டு முறை நீளமாக விசில் அடிப்பார். சோறு கொண்டு வா என்று அர்த்தம். அம்மா பம்மலில் தோல் ஷெட்டுக்கு வேலைக்குப் போய்விடுவாள். லீவு நாட்களில் டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு போவது ரத்தினபாயின் வேலை. அப்போது அவருக்குப் பதினொரு வயது, தங்கை ஷீலாவுக்கு ஆறு.

"அன்னிக்கு விசில் அடிச்சுது. பக்கத்து வூட்ல ரேடியோல எனக்குப் பிடிச்ச பாட்டு. ஜன்னல்கிட்ட நின்னுக்கினு இருந்தேன். ஷீலா, நீ எடுத்துக்கினு போ, பாட்டு முடிஞ்சதும் ஓடியாரேன்னேன். அவளுக்கு ஒரே சந்தோசம். அவ கையில கேரியரே குடுக்க மாட்டாங்க. போயிட்டா. நின்னுக்கினு இருந்த வேகனுக்குப் பின்னால பூந்து போயிருக்கா. அப்பா அந்தப் பக்கத்துலேர்ந்து பின்னாடி தள்ளிக்கினு வந்திருக்காரு. பாட்டு முடியல. அதுக்குள்ள சத்தம் கேட்டுது."

ரத்தினபாய் மூச்சு வாங்கினார்.

"யாரு அனுப்பினதுன்னு கேட்டாங்க. அவளே தூக்கிக்கினு ஓடிட்டான்னு சொன்னேன். போலீஸ்கிட்ட, அம்மாகிட்ட, அப்பாகிட்ட. அப்பா நம்பிட்டாரு. விசில் சத்தம் கேட்டுத்தான் கொழந்த ஓடியாந்துச்சுன்னு நெனச்சாரு. எண்பத்தொம்போதுல சாகற வரைக்கும் ஒரே ஒரு தடவதான் அதப் பத்திப் பேசினாரு. நான் கூப்பிட்டேன், அவ வந்தா. அவ்ளோதான் சொன்னாரு. நான் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். என் வாயில நாக்கு இருந்துச்சு. சொல்லல."

ஹெப்சி கையிலிருந்த விசிலைத் திரும்ப மாத்திரை டப்பாவில் வைத்தாள்.

"விசிலக் கழட்டிட்டாங்க. ஆனா எனக்கு மட்டும் பன்னெண்டேகாலுக்குக் கேக்கும். ரெண்டு வாட்டி, நீளமா. அதனாலதான் எக்ஸ்போர்ட் கம்பெனில டைலர் வேலைக்குப் போனேன். நூறு மெஷின் ஓடும். ரிட்டயர்டு ஆனதும் இங்க வூடு பாத்தேன். வூட்டுக்காரர் போய் ரொம்ப நாளாச்சு, கொழந்தைங்க இல்ல. பிளேன் சத்தத்துல இருக்க முடியாதுன்னு எல்லாரும் காலி பண்ணிக்கினு போறாங்க, நீ ஏன்டி இங்க வர்றன்னு கேட்டாங்க. எனக்கு அது போதும்னு வந்தேன். அப்புறம் லாக்டவுன் போட்டாங்க. பிளேனெல்லாம் நின்னுபோச்சு. தெருவுல ஒரு வண்டி இல்ல. ரெண்டு மாசம், தினமும் கேட்டுது ம்மா. பக்கத்துத் தெருவுல அடிக்கிற மாதிரி. நான் பைத்தியமாயிடுவேன்னு நெனச்சேன். அந்த வருசம் நவம்பர்ல உங்க தம்பி வந்தாரு. மாஸ்க் போட்டுக்கினு, இங்கதான் நின்னாரு. உங்கப்பா ஓட்டின இன்ஜின்ல விசில் ஏன் இல்லேன்னு கேட்டாரு. அம்பத்து மூணு வருசத்துல யாருமே அதக் கேக்கல. கேட்டதும் சொல்லிட்டேன்."

அதற்குப் பிறகு ஏப்ரல் வரை ஜோஸ்வின் சனிக்கிழமைதோறும் வந்திருக்கிறான். பன்னிரண்டு மணிக்கு வந்து ஒரு மணி வரை உட்கார்ந்து ஏதாவது பேசுவானாம். ஆபீஸ் கதை, அக்கா வைக்கிற மீன் குழம்பு, தாம்பரத்தில் தண்ணீர் நின்ற கதை. அவன் பேசிக்கொண்டிருந்தால் அது கேட்காதாம்.

சனிக்கிழமைகளில் ஃபிரண்டு வீட்டுக்கு என்று சொல்லிவிட்டுக் கிளம்புவான். யாரோ ஒரு பெண் என்று ஹெப்சி நினைத்து, கேட்கவும் முடியாமல் உள்ளுக்குள் கொஞ்சம் கோபப்பட்டிருக்கிறாள்.

அன்று அவள் உடனே திரும்பிப் போகவில்லை. போகலாம் என்று எழுந்தவள் மறுபடியும் உட்கார்ந்து, யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னாள்.

"வியாழக்கிழமை சாயங்காலம், அக்கா, மூச்சு ஒரு மாதிரி இருக்கு, ஆஸ்பத்திரிக்குப் போலாமான்னு கேட்டான். விரல்ல ஆக்ஸிஜன் பார்க்கற மெஷினை வச்சுப் பார்த்தேன். தொண்ணூத்தி மூணு காட்டுச்சு. ஆஸ்பத்திரியில பெட் இல்லைன்னு எல்லாரும் சொல்றாங்க, அங்க போனா இன்னும் மோசமாகும், காலையில பார்க்கலாம்னேன். சரிக்கான்னான். மறுபடி கேட்கவே இல்ல. காலையில எண்பத்து ரெண்டு. டாக்டர் எப்போலேர்ந்து மூச்சு வாங்குதுன்னு கேட்டார். இப்பதான் சார், காலையிலேர்ந்துன்னு சொன்னேன்."

"தொண்ணூத்தி மூணுன்னா நீ இன்னா பண்ணுவ ம்மா?" என்றார் ரத்தினபாய்.

"பதினொரு வயசுப் பொண்ணு என்ன பண்ணும் ஆன்ட்டி?"

ஒருவர் சொன்னதை மற்றவர் ஏற்றுக்கொள்ளவில்லை. ஆனால் ரத்தினபாய் எழுந்துபோய் அரிசி களைந்தார். ஹெப்சி வெங்காயம் நறுக்கினாள்.

அந்த வருடம் முழுக்க ஹெப்சி இன்ஜினைக் கட்டினாள். ஈயம் பற்ற வைப்பது, அரத்தால் ராவுவது எல்லாம் அவளுக்குக் கைவந்த வேலைதான். தம்பி எழுதி வைத்த பதில்களை ஒவ்வொன்றாகப் படித்து அதன்படியே செய்தாள். அவன் கையெழுத்துக்கு எதிரில் உட்கார்ந்திருக்கும் நேரங்களில், முதுகுக்குப் பின்னால் நாற்காலி நகர்கிற மாதிரி இருக்கும். முதலில் திரும்பிப் பார்த்தாள். பிறகு பார்ப்பதை நிறுத்திவிட்டாள். யாரும் இல்லை என்று தெரிந்துகொள்ள அவளுக்கு விருப்பமில்லை.

மாதிரி இன்ஜின் செய்கிறவர்கள் எந்த வருடத்து இன்ஜின் என்று முதலிலேயே முடிவு செய்துவிட வேண்டும். எதைப் பொருத்துவது, எதை விடுவது என்பதெல்லாம் அதைப் பொறுத்தது. ஹெப்சி ரத்தினபாயிடம் கேட்டாள்.

"அறுபத்து நாலா, அறுபத்தொம்போதா ஆன்ட்டி?"

நெடுநேரம் யோசித்துவிட்டு, "அறுபத்தொம்போது" என்றார். "நடந்தது நடந்ததுதானே. அப்பா அதுக்கப்புறமும் அஞ்சு வருசம் ஓட்டினாரு. அந்த மணியை மட்டும் சரியா பண்ணு. பித்தளை இல்ல, வெள்ளையா இருக்கும்."

கிட்டில் மணி கிடையாது. ஹெப்சி லேபில், பல்லுக்கு மெழுகு செதுக்குகிற கத்தியால் ஒரு மணி செதுக்கி, பல் வார்க்கிற வெள்ளை உலோகத்திலேயே வார்த்தெடுத்தாள். மூன்று முறை உடைந்து நான்காவது முறை சரியாக வந்தது.

2024 ஏப்ரலில் முடிந்தது. டவலில் சுற்றிப் பொழிச்சலூருக்கு எடுத்துக்கொண்டு போனாள். ரத்தினபாய் அதைத் தொடவில்லை. மேஜைக்கு எதிரில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தார். குனிந்து, சக்கரத்தின் உயரத்துக்கு முகத்தை இறக்கி, ஆறு வயதுப் பிள்ளை பார்க்கிற உயரத்திலிருந்து பார்த்தார். ஹெப்சியால் அதைப் பார்க்க முடியவில்லை.

"எடுத்துக்கினு போயிடு ம்மா," என்றார் நிமிர்ந்து. "நல்லாத்தான் கீது. ஆனா இந்த வூட்ல வேணாம். பாக்கணும்னா நான் அங்க வரேன்."

சொன்னபடி வந்தார். ரயிலில் ஏற மாட்டார். இரண்டு பஸ் மாறித் தாம்பரம் வந்து, சண்முகம் ரோடு வழியாக நடந்து, சப்வே இறங்கி ஏறி, கிழக்குப் பக்கம் வருவார். இப்போது மாதத்தில் இரண்டு சனிக்கிழமை ரத்தினபாய் இங்கே, இரண்டு சனிக்கிழமை ஹெப்சி அங்கே. ஜோஸ்வின் அறையில் இன்ஜினைப் பார்ப்பதோ, பார்க்காமல் இருப்பதோ அவரவர் இஷ்டம். பெரும்பாலும் சமையலறையில்தான் இருப்பார்கள்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, சாப்பிட உட்கார்ந்தபோது கரண்ட் போயிற்று. மின்விசிறி நின்றது, ஃப்ரிட்ஜ் நின்றது, எதிர்வீட்டு டிவி நின்றது. ஹெப்சி கடிகாரத்தைப் பார்க்கவில்லை. ரத்தினபாயின் கை சோற்றின்மேல் அப்படியே நின்றதைப் பார்த்தாள். தலை கொஞ்சம் சாய்ந்திருந்தது.

கேட்கிறதா என்று ஹெப்சி கேட்கவில்லை. குழம்புச் சட்டியை இழுத்து அவர் தட்டில் இன்னொரு துண்டு மீன் போட்டாள். பிறகு பேச ஆரம்பித்தாள். லேபுக்கு வந்த ஒரு அச்சைப் பற்றி; முப்பத்திரண்டு பல்லும் இருக்கிற ஒரு கிழவர், முப்பத்து மூன்றாவதாக ஒன்று கட்டித் தரச் சொல்லி டாக்டரைப் படுத்தி எடுத்த கதை. பாதி நிஜம், பாதி அப்போதே கற்பனை செய்தது. மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போனாள். வாக்கியத்துக்கும் வாக்கியத்துக்கும் நடுவில் இடம் விடவில்லை.

"அப்புறம்?" என்றார் ரத்தினபாய், மீனில் முள்ளை எடுத்துக்கொண்டே.